நிரலுக்குப் பக்கத்தில் ஒரு குறி

தை மாத இரவில் மேல்சித்தாமூர் வயல்வெளியில் நின்றால் தெற்கே அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அதன் ஒளியளவைப் பட்டியல்களில் தேடினால் ஆளுக்கொரு நிரல்பெயர்: ஒன்றில் 'விமேக்', இன்னொன்றில் 'மேக்_வி'. கணினிக்கு இரண்டும் வேறு வேறு.

2002இல் உருவான சர்வதேச மெய்நிகர் வானாய்வகக் கூட்டணி கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. யார் வைத்த பெயரையும் மாற்றச் சொல்லாமல், பக்கத்தில் ஒரு பொருட்குறி சேர்க்கிறார்கள்: 'ஃபாட்.மேக்;இஎம்.ஆப்ட்.வி'. ஒளியளவு, அதுவும் கட்புல ஒளியின் வி பட்டையில் அளந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் பொருள் ஒரு படி நுணுகுகிறது; அரைப்புள்ளி இரண்டு பொருள்களைச் சேர்க்கிறது. முன்னால் 'ஸ்டாட்.எரர்' வந்தால் அந்த நிரல் அளவின் பிழையைச் சொல்கிறது. பிழைக்கும் முதலிடம் தந்திருக்கிறார்களே, என்ன அழகு!

நிரலின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது; அளவு எந்த ஆண்டுக்கானது என்பதும் தெரிய வேண்டும். 1844இல் வானியலாளர் டெய்லர் வெளியிட்ட சென்னை வானாய்வகப் பட்டியலில் 11,015 விண்மீன்கள். அவற்றின் இடங்கள் 1835 தொடக்கத்துக்குக் கணக்கிட்டவை. பூமியின் அச்சின் திசை மெல்லச் சுழல்வதால், இடத்தைக் குறிக்கும் எண்களான ஆயங்களும் நகர்கின்றன. ஆண்டு தெரியாத ஆயத்தை வைத்துத் தொலைநோக்கியைச் சரியாகத் திருப்ப முடியாது. அதே கூட்டணியின் அட்டவணை வடிவமான இன்றைய 'விஓடேபிள்' கோப்பில் அந்த ஆண்டைக் குறிக்கவே தனி இடம் உண்டு.