விற்பனைக்கு ஒரு பலகை வீடு

கோலசிலாங்கூர் போகும் வழியில், புக்கிட் ரோத்தான் பக்கம், 'நிலத்தோடு வீடு விற்பனைக்கு' என்ற அட்டையைக் கண்டால் எல்லாரும் நிலத்தைத்தான் அளக்கிறார்கள். என் கண் போவது பலகை வீட்டின் மேல். சாயம் உரிந்து, தடவினால் வரிவரியாகக் கையில் தட்டுப்படும் சுவர். ஒரு பலகையின் விளிம்பில் அடுத்ததை ஏற்றி அடித்திருப்பதால் சாரல் உள்ளே வராது. ஆணி வரிசையிலேயே ஆசாரியின் பொறுமை தெரியும். தகரக் கூரை நண்பகலில் சூடேறி 'டக்'கென்று விரியும். மழை இறங்கினால் வீட்டுக்குள் யார் பேசுவதும் காதில் விழாது. அந்தி சாய்ந்ததும் வாசலோர அஞ்சடியின் சிமெண்டுத் தரை வெறுங்காலுக்குச் சுகம். கறையான் உண்டு, பகலில் புழுக்கமும் உண்டு. புக்கிட் மெலாவத்தியும் கம்போங் குவாந்தான் மின்மினிகளும் பக்கம்தான் என்று தரகர் சொல்வார், கூரையைப் பற்றிச் சொல்ல மாட்டார். வாங்குகிறவர்களே, இடிக்க ஆள் கூப்பிடுமுன் ஒரு மழைக்காவது அந்த வீட்டில் இருந்து பாருங்கள்.