வேலியோர நிலமும் பாம்புக்காவும்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தின் பழைய வளவுகளில் வீட்டுக்கு முன்னே கண்ணில் படுவது வேலி. பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் கதிகால்களாக நிற்க, முசுட்டையும் குறிஞ்சாவும் அவற்றில் ஏறிப் படர்ந்திருக்கும். அடியில் சருகு. செண்பகம் அதற்குள் நடந்து இரை தேடும், புலுனிகள் கூட்டமாக வந்து கிளறும், கீரி ஒதுங்கும். காட்டுயிர்களுக்கென்று யாரும் இந்த இடத்தை ஒதுக்கியதில்லை. மாட்டை மறிக்கவும் ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் வயலுக்குப் பசளை சேர்க்கவும் நட்ட வேலியில் அவை தாமாகவே குடியேறின.

கேரளத்தில் உயிர்களுக்கு இடம் விடுவது நேர்ந்துகொண்டு செய்யப்பட்டது. பழைய தறவாட்டு (கூட்டுக் குடும்ப வீட்டு) வளவுகளின் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கில், ஒரு துண்டு நிலத்தை நாகங்களுக்கு விட்டுவிடுவார்கள். அதுதான் சர்ப்பக்காவு. மரம் தறிக்கக்கூடாது, கொடி அறுக்கக்கூடாது, விழுந்த இலையையும் எடுக்கக்கூடாது. ஆயில்ய நாளில் ‘நூறும் பாலும்’ என்ற படையல் வைப்பார்கள், புள்ளுவர் என்ற பாடகர்கள் குடம் என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடுவார்கள். மற்ற நாட்களில் மனிதக் கால் அங்கே அதிகம் படாது. பல காவுகளில் சிறு குளமும் இருந்ததால் தவளையும் தும்பியும் பெருகின.

காவைக் காத்தது பயபக்தி. ஆனால் அந்தப் பயபக்தி கூட்டுக் குடும்பத்தோடு ஒட்டியிருந்தது. குடும்பங்கள் பிரிந்து நிலம் பங்காகத் தொடங்கியது முன்பே என்றாலும், 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேரளம் இந்துக் கூட்டுக் குடும்ப முறையை ஒழித்தபோது பிரிவினை முழுமையானது. காவு யாரோ ஒருவரின் சிறு பங்குக்குள் விழுந்தது. சடங்கு செய்து நாகங்களை வேறு கோயிலுக்கு மாற்றிவிட்டு மரங்களைத் தறித்தவர்கள் பலர். ஹரிப்பாட்டு மண்ணாறசாலை போல வழிபாடு தளராத இடங்களில் காவு இன்னும் அடர்ந்து நிற்கிறது.

எங்கள் வேலியைக் காத்தது பயன். யூரியா மூட்டை வந்தபின் குழையின் தேவை குறைந்தது. சீமெந்துக்கல் மதில் எழுந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது இலங்கையெங்கும் நெல் விளைச்சல் விழுந்தது. அந்தக் கொடுமையை நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் பசுந்தழைக்கு அலைந்த அந்த மாதங்களில், வேலி வைத்திருந்தவன் கையில் ஏதோ ஒன்று இருந்தது.

நாம் காவு அமைக்க வேண்டியதில்லை. அதன் ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டால் போதும்: குறித்த துண்டுக்குள் விளக்குமாறு போகாது. முற்றம் கூட்டுவது நம் பெண்களின் விடியற்காலை வேலை. அதில் குறை இல்லை. கூட்டிய சருகை வேலியோரம் குவித்துக் கொளுத்துவதுதான் நட்டம். அட்டை, மண்புழு, ஓணான் முட்டை எல்லாம் அதோடு எரிகின்றன.

அப்படிக் கூட்டாமல் விட, வேலியின் பின்மூலையில், வீட்டுக்கும் நெல் மூட்டைக்கும் தள்ளி, நாலு பாய் அளவு நிலம் போதும். நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் புடையன் வரும். அதனால்தான் இந்தத் தூரம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நின்றால் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கு உணவு. எருக்கலையைப் பிடுங்க வேண்டாம், அதை உண்டு வளரும் புழுக்களும் உண்டு. வாழையும் பலாவும் அங்கே கூடாது, கந்தளாய்ப் பக்கத்து யானைகளை அவை வளவுக்குள் இழுத்துவிடும்.

தண்ணீர்தான் கவனம் கேட்கும் விடயம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் குருவிகளுக்கு ஒரு மண்சட்டித் தண்ணீர் பெரிய உதவி. ஆனால் 2017 இல் கிண்ணியா டெங்கால் பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறக்கவில்லை. நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமளவு எடுக்கும். ஒன்றுவிட்ட ஒரு நாள் சட்டியைக் கவிழ்த்து, உட்சுவரை நன்றாகத் தேய்த்து, புதுத் தண்ணீர் விட வேண்டும்; முட்டை ஒட்டியிருப்பது சுவரில். காவுக் குளத்தைப் போல தேக்கிவைக்க இங்கே இடமில்லை.

பெரும்போக மழைக்கு முன் வேலி வெட்டும்போது நாலு பக்கமும் ஒரேயடியாக மொட்டையடிக்காமல் ஒரு வருடத்துக்கு ஒரு பக்கமாக வெட்டினால், ஆட்டுக்குக் குழையும் கிடைக்கும், செண்பகத்துக்கு ஒதுங்க மற்றப் பக்கங்களும் இருக்கும்.