கிருஷ்ணன்–பஞ்சு: எழுதப்படாத பாதி

'பராசக்தி'யை எடுக்கத் துணிந்த பி. ஏ. பெருமாள் முதலியார் வேலூர்க்காரர். பட விநியோகத்திலிருந்து தயாரிப்புக்கு வந்தவர். ஏவி.எம். நிறுவனமும் பங்குக்கு வந்தது. அதன் அதிபர் மெய்யப்பச் செட்டியார் வேறு நாயகனை விரும்பினார். நாடக மேடையிலிருந்து வந்த மெலிந்த இளைஞர்தான் நடிக்க வேண்டும் என்று பெருமாள் விடாப்பிடியாக நின்றார். தமிழுக்கு சிவாஜி கணேசன் கிடைத்தது அப்படித்தான். நான் இருக்கும் ஆரணியும் அன்று வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. பட்டுத்தறி ஓசை ஓயாத இந்த ஊரில் உட்கார்ந்து தமிழ்ப்பட வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. வசனம் எழுதிய மு. கருணாநிதியைப் பற்றியும் நடித்த சிவாஜியைப் பற்றியும் நூல்கள் குவிந்து கிடக்க, படத்தை இயக்கிய இருவரைப் பற்றி ஏன் இவ்வளவு கொஞ்சமாக எழுதியிருக்கிறோம்?

தமிழ்ப்பட ஆய்வில் இதுவரை நடந்ததைப் பார்த்தால் காரணம் விளங்கும். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1970களில் ஆராய்ந்தது நட்சத்திரங்களுக்கும் தி.மு.க.வுக்கும் இருந்த உறவை. எம். எஸ். எஸ். பாண்டியன் 1991இல் 'பராசக்தி' பற்றி எழுதிய கட்டுரை அதை ஒரு கட்சிப் படமாக வாசித்தது. இரண்டுமே தவிர்க்க முடியாத ஆய்வுகள். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தகவல்களைச் சேர்த்து வைத்திருக்காவிட்டால் நம் கையில் எதுவுமே மிஞ்சியிருக்காது. தியடோர் பாஸ்கரன் மட்டும்தான் தமிழ்ப்படம் காதுக்கு அடிமையாகிக் கண்ணை மறந்தது என்று தொடர்ந்து கவலைப்பட்டு எழுதியவர். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலையே வசனப் படங்களுக்குள் வேலை செய்த இயக்கத்தை நாம் பார்க்காமல் போவதற்கும் வழி வகுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆர். கிருஷ்ணன் 1909இல் பிறந்தவர். எஸ். பஞ்சு 1915இல் கும்பகோணம் பக்கத்து உமையாள்புரத்தில் பிறந்தார். பஞ்சு படத்தொகுப்பாளரும்கூட, 'பஞ்சாபி' என்ற பெயரில் அந்த வேலையைச் செய்தார். இந்தச் சின்னச் செய்திதான் அவர்கள் படங்களுக்குச் சாவி. கோர்வைப் புடவை நெய்யும் தறியில் ஒருவர் உடலையும் இன்னொருவர் கரையையும் கவனித்துக்கொள்வார்கள். நெய்து முடித்தபின் எவர் கை எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியாது. இவர்கள் இருவரின் உழைப்பும் அப்படித்தான்.

1947இல் வந்த 'பைத்தியக்காரன்' என். எஸ். கிருஷ்ணன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்தபோது அவருடைய நாடகக் குழுவினர் தொடங்கிய படம். விடுதலையாகி வந்த கலைவாணருக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி'யையும் 1949இல் இவர்களே இயக்கினார்கள். திராவிட இயக்கத்தின் எழுத்து திரைக்கு வந்தபோது அதை வாங்கிக்கொண்ட கைகளில் இவர்களுடையவை முதன்மையானவை.

'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வந்தது. நீதிமன்றக் காட்சி என்றதும் நாயகன் குணசேகரனின் முழக்கம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அதற்கு முன்னால் நடப்பதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கூண்டில் கல்யாணி. நீதிபதி நாற்காலியில் அண்ணன் சந்திரசேகரன். எதிரில் நிற்பவள் தங்கை என்று அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவள் தன் கதையைச் சொல்லச் சொல்ல அவர் உடைகிறார். அந்தப் பதைப்பு வசனத்தால் மட்டும் வந்ததில்லை. எவர் பேசும்போது எவர் முகத்தைக் காட்டுவது என்ற முடிவிலும் அது இருக்கிறது. அந்த முடிவை எடுத்தவர்களின் பெயர் கிருஷ்ணன்–பஞ்சு.

அதே ஆண்டுகளில் ஸ்பெயினிலும் இரண்டு பேர் இப்படிச் சேர்ந்து தொடங்கினார்கள். ஹுவான் அந்தோனியோ பார்தெமும் லூயிஸ் கார்ஸியா பெர்லாங்காவும் மத்ரித் திரைப்படப் பள்ளியில் ஒன்றாகப் படித்து, 1951இல் முதல் படத்தைக் கூட்டாக எடுத்துப் பிறகு பிரிந்தார்கள். கம்யூனிஸ்டான பார்தெம் 1956இல் ஒரு படப்பிடிப்பின் நடுவே கைது செய்யப்பட்டார். பிராங்கோவின் ஆட்சியில் திரைக்கதையையே முன்கூட்டித் தணிக்கைக்குத் தர வேண்டும். சென்னையில் எடுத்து முடித்த படம்தான் தணிக்கைக்குப் போகும். அந்த இடைவெளியில்தான் 'பராசக்தி' பிழைத்தது; வெளிவந்த பிறகு தடை செய்யச் சொல்லிக் கூச்சல் எழுந்தும் ஓடியது. பார்தெமையும் பெர்லாங்காவையும் பற்றி அவர்கள் நாட்டில் காட்சி காட்சியாக எழுதிவைத்திருக்கிறார்கள். நம் இருவர் பிரியாமல் ஐம்பது படங்களுக்கு மேல் எடுத்தும் அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

1954இல் அதே பெருமாள் முதலியாருக்காக 'ரத்தக்கண்ணீர்'. எம். ஆர். ராதா மேடையில் ஊர் ஊராக நடத்திய நாடகம். அவரைக் கட்டிப்போட முயலாமல், அவர் குரல் ஏறி இறங்கும் நேரத்தைப் படத்துக்கும் அளவாக்கிக்கொண்டார்கள். நடிகரைப் பேசவிட்டு ஒதுங்கி நிற்கத் தெரிவதும் இயக்கம்தான். இதை நான் அவர்களுடைய ஆகச் சிறந்த படமாகக் கருதுகிறேன்.

நெசவூர்க்காரர்களுக்கு 1957இன் 'புதையல்' தனியாக முக்கியம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் பி. சுசீலா பாடிய கைத்தறிப் பாட்டு அதில்தான் வருகிறது. தி.மு.க.வினர் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்ற நினைவு பசுமையாக இருந்த காலம் அது. பாட்டு தறியின் அசைவுக்கு ஏற்பப் போகிறது. ஆனால் நெசவாளியின் கூலிக்கும் கடனுக்கும் அந்தக் கதையில் இடமில்லை. பட்டு நெய்கிறவன் தன் மகளுக்கு ஒரு பட்டுப்புடவை தர முடியாத துயரம் முழுநீளக் கதையாக வர, 2008இல் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குடும்பப் படங்களும் நிறைய எடுத்தார்கள். 'குலதெய்வம்' இந்தியில் 'பாபி' ஆனது. 'குழந்தையும் தெய்வமும்' தேசிய விருது பெற்று, 'தோ கலியான்' ஆனது. இரண்டு இந்திப் படங்களையும் இவர்களே இயக்கினார்கள். இவற்றில் எனக்குப் பிடித்தது 1964இன் 'சர்வர் சுந்தரம்'. பாலசந்தரின் கதைக்குள் பாட்டுப் பதிவையும் படப்பிடிப்புத் தளத்தையும் திறந்து காட்டினார்கள். படம் எப்படி உருவாகிறது என்பதை மறைக்கத் தேவையில்லாத தன்னம்பிக்கை அதில் தெரிகிறது.

இவர்களிடம் உதவியாளராக இருந்து படத்தொகுப்பு கற்ற ஏ. பீம்சிங் கிருஷ்ணனின் தங்கையை மணந்தவர். 'பாசமலர்' போன்ற படங்களை இயக்கினார். அவர் மகன் பி. லெனின் தமிழின் முதல்தரப் படத்தொகுப்பாளர்களில் ஒருவர். பஞ்சுவின் தொகுப்பு மேசையிலிருந்து லெனின் வரை வரும் இந்த வரிசையை எவராவது படங்களைச் சட்டம் சட்டமாக ஒப்பிட்டு எழுத வேண்டும். பஞ்சு 1984இலும் கிருஷ்ணன் 1997இலும் மறைந்தார்கள். கேட்டறிய அவர்கள் இல்லை. ஆனால் 'பராசக்தி'யும் 'ரத்தக்கண்ணீரு'ம் 'சர்வர் சுந்தர'மும் கையில் இருக்கின்றன. வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.