அந்தக் காலத்துப் பாட்டு

"அந்தக் காலத்துப் பாட்டைப் போல வருமா?" என்ற பேச்சு, நாற்பதைத் தாண்டிய என் வயதொத்தவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கிறது. அவர்களுடைய அந்தக் காலம் 'ரோஜா' வந்த 1992இல் தொடங்குகிறது. அனிருத் பாட்டில் சொல் விளங்குதில்லையாம், வெறும் சத்தமாம். ரஹ்மானைப் பற்றி நமது வாப்பாமார் சொன்னதும் இதே வார்த்தைதான்!

உச்சரிப்பும் கெட்டுவிட்டதாம். 'காதலன்' (1994) படத்தில் உதித் நாராயண் பாடிய தமிழை மட்டும் நமது தலைமுறை சிரித்துக்கொண்டே மன்னித்துவிட்டது. அப்போது நமக்கு 14, 15 வயது; எல்லாம் இனித்தது.

ஏக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அதையே விமர்சனமாக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. அதே 'காதலன்' பாடல்களை இன்று ஆறுதலாக இருந்து கேட்டுப் பாருங்கள். கேதார ராகத்தில் அமைந்த 'என்னவளே' அப்படியே நிற்கிறது. உன்னிகிருஷ்ணனுக்குத் தேசிய விருது சும்மா கிடைக்கவில்லை. 'முக்காலா'வில் தாளம் இன்னும் துள்ளுகிறது. வரிகளில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படிப் பிரித்துக் கேட்க ஏக்கம் விடாது. வயதுக்கு வந்த காலத்தில் காதில் விழுந்ததெல்லாம் அதற்குத் தங்கம்.

அவர்கள் பக்கம் நின்றும் ஒன்று சொல்லலாம். ரெக்கோடிங் பாரில் காசு கொடுத்து, படத்தின் முழுப் பாட்டையும் அடித்து வாங்கிய கெசட்டைத் திருப்பித் திருப்பித்தான் போட வேண்டியிருந்தது. அடிக்கடி ஓட்டினால் நாடா சிக்கும். ஆகவே பிடிக்காத பாட்டையும் கேட்டோம். பத்தாம் தடவையில்தான் சில பாட்டுகள் பிடிபட்டன. இன்றைய பாட்டுக்கு அந்தப் பத்துத் தடவையை நாம் கொடுப்பதில்லை. நம் வகுப்புப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.