ஞானஸ்நானமும் நாணயமும்

தலைவராக ஒருவரை ஏற்குமுன் அவருக்கு வேலை தெரியுமா என்று பார்ப்பதா, ஆள் யோக்கியமா என்று பார்ப்பதா? கிறிஸ்தவ சபைகள் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்கும். கண்காணிப்பாளருக்குரிய தகுதிகளைத் தீமோத்தேயுவுக்கு எழுதும் பவுல், போதிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, மற்றபடி பெரும்பாலும் குணத்தைத்தான் அடுக்குகிறார். அழகான ஏற்பாடு. ஆனால் குணத்தை அளப்பது யார்?

புதுச்சேரி இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகர் நைனியப்பப் பிள்ளை. வணிகர்களைத் திரட்டுவது, சரக்குக்கு முன்பணம் கொடுப்பது, நகரத்துத் தமிழர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய தொழில் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. அவர் கிறிஸ்தவர் இல்லை என்பதுதான் ஏசுசபைக் குருக்களுக்கு உறுத்தல். 1716-இல் ஆளுநர் எபேர் அவரைக் கைது செய்து, கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தண்டித்தார். அடுத்த ஆண்டே நைனியப்பர் சிறையில் இறந்தார். பதவி கத்தோலிக்கரான கனகராய முதலியிடம் போனது.

பிறகு பிரான்சில் தீர்ப்பு மாறியது. நைனியப்பர் குற்றமற்றவர் என்றானது. நியாயம் கேட்டுப் பாரிஸ் போன அவர் மகன் குருவப்பா அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். 1724-இல் அவர் இறந்ததும் மறுபடியும் கனகராய முதலி. 1746-இல் முதலி இறந்தபோது அந்தப் பதவிக்கு வர இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் அதே முட்டுக்கட்டை: கிறிஸ்தவர் இல்லையே! ஆளுநர் டூப்ளே கடைசியில் வேலை தெரிந்த பிள்ளையையே வைத்துக்கொண்டார். வியாபாரிக்கு உள்ள விவேகம் என்று இதைச் சொல்லலாம்.

குருக்கள் கேட்டது குணத்தை அல்ல, அதற்கான முத்திரையாக ஞானஸ்நானத்தை. முத்திரை குத்துகிறவருக்கு வேண்டியவரே நல்லவர் ஆகிவிடுகிறார். இந்த முறையின் முதல் கோளாறு இதுதான்.

முத்திரை இல்லாமல், ஆளப்படுகிறவர்களே குணத்தை எடைபோட்ட இடம் ஒன்றும் உண்டு. தஞ்சாவூரில் இருந்த ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் (1726–1798). மைசூரின் ஹைதர் அலி படையெடுத்தபோது கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது. ராஜாவின் வாக்கையோ ஆங்கிலேயர் வாக்கையோ நம்பி மாடு அனுப்பக் குடியானவர்கள் தயாராக இல்லை. முன்பே ஏமாந்தவர்கள். கூலிக்கு நான் பொறுப்பு என்று ஷ்வார்ட்ஸ் சொன்ன பிறகு, ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது. அவருக்குப் படை நடத்தத் தெரியாது, தானியக் கணக்கும் அவர் தொழில் அல்ல. சொன்னபடி கொடுப்பார் என்ற பேச்சு ஊரில் இருந்தது. ராஜாவாலும் கம்பெனியாலும் முடியாததை அது முடித்துக் கொடுத்தது.

இதையே கதையாகச் சொல்லிப் பூரித்துப்போகிறவர்கள் 1779-ஐ விட்டுவிடுகிறார்கள். சென்னை அரசு ஷ்வார்ட்ஸைச் சமாதானத் தூதராக ஹைதரிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. ஹைதர் அவரை நம்பினார், அனுப்பியவர்களை நம்பவில்லை. மறு ஆண்டே போர் மூண்டது. நல்லவரின் பெயரை நாணயமில்லாதவர்கள் இரவல் வாங்கிக்கொள்ளலாம், அதைத் தடுக்க நல்லவருக்கு அவர் குணம் மட்டும் போதாது. அரசியல் அறிவும் கொஞ்சம் வேண்டியிருந்தது. போகட்டும், தமிழும் இந்துஸ்தானியும் ஷ்வார்ட்ஸுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அவரை யார் தூது அனுப்பியிருப்பார்கள்?

இன்றைய புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில், வேலையா குணமா என்ற இந்த வாதத்துக்கே இடமில்லை. முகத்துவாரம் அடிக்கடி மணல் தூர்ந்துவிடும். அதன் வழியே விசைப்படகை வெளியே கொண்டுபோக நீரோட்டமும் ஆழமும் தெரிந்த ஆள்தான் வேண்டும். அவர் தினமும் ஜெபம் செய்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. ஊர்ப் பணத்தை ஒப்படைக்கவும் வழக்குத் தீர்க்கவும் கை சுத்தமானவரைத் தேடுவார்கள். எந்த வேலைக்கு எது என்ற இந்தத் தெளிவு சபைக் கமிட்டிகளில் அபூர்வம். நல்லவர் என்று பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, கணக்கு இடித்தால் ‘பாவம், மனுஷன் தங்கம்’ என்று மூடிவிடுகிறோம். குணம் கேள்விக்குத் தடையாகிவிடுகிறது.

ஆனாலும் குணத்தை நான் கைவிட மாட்டேன். காரணம் 1745. தன் மகன் நினைவாகக் கனகராய முதலி ஒழுகரையில் மாதா கோயில் கட்டிய வருஷம் அது. அதே வருஷம் புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் பறையரையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பறைச்சேரிக் கிறிஸ்தவர்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, ஆண்டவர் முன்னால் என்ன பேதம் என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார். கோபப்பட்டவர்கள் சாதிக் கிறிஸ்தவர்கள். வேதம் கற்ற குருவையே அன்று வழிநடத்தியவர்கள் எந்தப் பதவியும் இல்லாத, நியாயம் கேட்கும் குணம் மட்டுமே இருந்தவர்கள். அடுத்த ஆண்டு, தலைமைத் தரகர் பதவிக்குக் கிறிஸ்தவர்தான் வேண்டும் என்று வாதாடியவர்கள் அந்தச் சேரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.