நண்டுக்குப் போகும் பிள்ளைகள்: யாழ்ப்பாணமும் சுந்தரவனமும்

கொல்கத்தாவின் சியால்டா நிலையத்திலிருந்து தெற்கே போகும் ரயில் பாதைகளில் ஒன்று கேனிங்கில் முடிகிறது. சுந்தரவனத்துக் கழிகளில் பிடிபடும் களிநண்டு இந்த ஊர் மொத்த வியாபாரிகளிடம் வந்து, கொடுக்கு கட்டப்பட்டு, எடைவாரியாகப் பிரிந்து, கொல்கத்தா வழியாக வெளிநாடு போகிறது. அந்த நண்டைப் பிடிக்கப் போன படகில் சில நேரம் ஒரு பிள்ளையும் இருந்திருக்கும். யாழ்ப்பாணக் கடல்நீரேரிக் கரையிலும் பிள்ளைகள் பெரியவர்களோடு நண்டு வேலைக்கு இறங்குகிறார்கள். வேலை ஒன்றுபோலத் தெரிந்தாலும் பிள்ளைக்கு நேர்வது வேறு வேறு.

யாழ்ப்பாணத்து நீரேரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் இடுப்பளவு நீரில் நடந்தே போகலாம். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கங்களில் சிறகுவலையும் நண்டுவலையும் பழகிய தொழில்கள். படகு கரை சேர்ந்ததும் நீலக்கால் நண்டைக் கால் முறியாமல் வலையிலிருந்து கழற்றுவதில் வீடே கூடி நிற்கும். பெண்களின் கை அதில் அதிகம். பிள்ளை கற்கும் முதல் பாடமும் அதுதான். நண்டைப் பின்புறமாகப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. வயிற்று மடல் ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். வயிற்றில் முட்டை சுமக்கும் சினைநண்டைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். கால் முறிந்த நண்டுக்கு நல்ல விலை கிடைக்காது. அது வீட்டில் கறியாகும், ஒடியல் கூழில் சேரும். இத்தனையும் கரையில் நின்றபடி, அம்மாவின் கண்பார்வையில் கற்கக்கூடியவை.

அந்தக் கரைக்கும் ஆபத்து உண்டு. அதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு இருக்கிறது. எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகள் தங்கள் வலைகளை அறுத்துப் போகின்றன என்பது வடபகுதி மீனவர்களின் நெடுநாள் குறை. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டப்படி தடைசெய்தது. வலை போன வீட்டில் பிள்ளையின் படிப்பும் ஆட்டம் காணும் என்பதை இக்கரையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

சுந்தரவனத்தில் கரையோடு நிற்க முடியாது. நண்டு இருப்பது காட்டுக்குள் ஓடும் குறுகிய கால்வாய்களில். நீண்ட கயிற்றில் இடைவெளி விட்டு இரை கட்டி நீரில் இறக்குவார்கள், முள் கிடையாது. இரையைப் பற்றிய நண்டு கயிற்றோடு மேலே வரும்போது கைவலையால் ஏந்திக்கொள்வார்கள். இந்தக் கயிற்றுக்குப் பெயர் தோன். வற்று நேரத்தில் சேற்றில் இறங்கி, வளைக்குள் இரும்புக் கொக்கியை விட்டு நண்டை இழுப்பதும் உண்டு. குனிந்து வளையைத் துழாவுகிறவருக்குப் பின்னால் வரும் புலி தெரியாது. 1973இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு இது. உள்வட்டத்துக்குள் நுழையவே தடை. வெளியே மீன்பிடிக்கவும் வனத்துறையின் படகு உரிமம் வேண்டும்.

காட்டுக்குப் போகும் இந்துவும் முஸ்லிமும் வணங்கும் பொன்பீபியின் கதையே ஒரு பிள்ளையின் கதைதான். ஏழைத்தாயின் மகன் துக்கேயைத் தேனெடுக்கக் கூட்டிப்போன உறவினன், புலி வடிவெடுக்கும் தக்ஷிண் ராய்க்கு அவனை விட்டுக்கொடுக்கிறான். பொன்பீபி மீட்டுத் தாயிடம் அனுப்புகிறாள். அமிதவ் கோஷின் 2004ஆம் ஆண்டு நாவலான 'தி ஹங்ரி டைட்'டில் நண்டுக்காரன் ஃபொகிர் தன் மகன் டுட்டுலைப் படகில் கூட்டிப்போகிறான்; அவன் பள்ளிக்குப் போக வேண்டும் என்கிறாள் தாய் மொய்னா. தகப்பனின் கைத்திறன் பெரிது. ஆனாலும் நான் மொய்னாவின் பக்கம்.

பிள்ளையைப் படகில் ஏற்றுவது பெற்றோரின் கல்நெஞ்சு என்று சொல்வது அநியாயம். 2009இல் ஐலா புயல் சுந்தரவனத்து வயல்களில் உப்புநீரை ஏற்றியது. ஆண்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கூலி வேலைக்குப் போனார்கள். 2020இல் ஊரடங்கு அவர்களைத் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு மே மாதம் அம்பான் புயல் வந்தது. நண்டைத் தவிர கையில் வேறொன்றும் இல்லாத வீடுகள் காட்டுக்குள் போயின.

சட்டமும் இரு நாட்டிலும் ஒன்றல்ல. இலங்கை 2021இல் வேலைக்கான குறைந்தபட்ச வயதை 14லிருந்து 16 ஆக்கியது. இந்தியா 2016இல் திருத்திய சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தாலும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. ஆபத்தான தொழிலுக்கு அந்த விலக்கு இல்லை. புலி உலவும் கால்வாயைவிட ஆபத்தான வேலையிடம் எது?

வழியும் இருக்கிறது. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் களிநண்டுக் குஞ்சு பொரிப்பகம் இயங்குகிறது. சுந்தரவனத்திலும் குளத்தில் நண்டு கொழுக்க வைக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அதற்கான நண்டு காட்டிலிருந்தே வருமானால் படகு நிற்காது. பொரிப்பகக் குஞ்சு சுந்தரவனத்தின் கோசாபா, குல்தலி வீட்டுக் குளங்களுக்கு மலிவாகப் போய்ச் சேர வேண்டும். வீட்டுக் குளத்தங்கரையில் பள்ளி விட்டு வந்த பிள்ளை நண்டின் மடலைத் திருப்பிப் பார்த்துக் கற்கட்டும். நண்டுத் தொழில் பிள்ளைக்கு வேண்டிய அறிவுதான். அதைக் கற்கும் விலை உயிராக இருக்கக் கூடாது. மேற்கு வங்க அரசும், இந்த நண்டில் லாபம் காணும் ஏற்றுமதியாளர்களும் இதைத் தங்கள் கடமையாக ஏற்க வேண்டும்.