சுவரும் சுற்றும்: விண்கல அமைப்பு பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரிக்கவியலாது என்பது இலக்கிய விமர்சனத்தில் நாம் பலமுறை கேட்ட கூற்று. விண்கலத்தை அமைக்கும் பொறியியலாளரும் ஏறத்தாழ இதே கூற்றைத் தம் துறையில் நிறுவ முனைந்துள்ளனர். அம்முயற்சியை மதிப்பிடுவதே இக்குறிப்பின் நோக்கம்.

1957இல் சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் 1, 83.6 கிலோகிராம் நிறையுடைய உலோகக் கோளம். வானொலிப் பரப்பியும் மின்கலங்களும் உள்ளே இருந்தன. கோளம் அவற்றின் உறை. பின்வந்த கலங்களிலும் இப்பிரிவு பெரிதும் நீடித்தது. சுமையைத் தாங்கச் சட்டகம், இலத்திரனியற் சுற்றுகளுக்குத் தனிப் பெட்டிகள், அவற்றை இணைக்க வடங்கள் என அமைந்தபோது நிறை கூடியது. சட்டகமோ தன் பெருஞ்சுமையை ரொக்கற் எழும் சில நிமிடங்களிலேயே தாங்குகிறது. அச்சட்டகத்தின் சுவரிலேயே சுற்றுகளைப் பதித்தால் பெட்டிகளையும் வடங்களையும் குறைக்கலாம் என்பதே புதிய வாதம். 1998 ஒக்டோபரில் நாசா ஏவிய டீப் ஸ்பேஸ் 1 கலத்தில், பலகையொன்றின்மேல் நெகிழ்தன்மையுள்ள செப்புச் சுற்றுகளை ஒட்டி இக்கருத்துச் சோதிக்கப்பட்டது.

வாதம் வலியதே. வெற்றிடத்தில் வெப்பத்தைக் கொண்டுசெல்லக் காற்றில்லை. சுற்றுகளில் எழும் வெப்பம் சட்டகத்தின் வழியே பரவி வெளியே கதிர்வீசப்படவேண்டும். எனவே சுவர் முன்னரும் வெறும் சுமைதாங்கியாக இருந்ததில்லை எனலாம்.

ஆயினும், ஒருமை தன்னளவில் ஒரு தகுதியாகிவிடாது. பழுதுற்ற பெட்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். சுவரே பழுதுற்றால் கலத்தையே பிரிக்க நேரும். ஏவியபின் எப்படியும் திருத்தவியலாதே எனச் சிலர் கூறலாம். ஆனால் ஏவுமுன் பூமியில் நிகழும் நீண்ட சோதனைகளிலேயே பல பிழைகள் வெளிப்படுகின்றன. அவற்றை அங்கேயே திருத்தவேண்டும். மேலும், வெப்பத்தில் விரிந்தும் குளிரிற் சுருங்கியும் சுவர் அடையும் மாற்றங்களைச் சுற்றும் உடன் தாங்கவேண்டியுள்ளது. ஓரிடத்து விரிசல் இரு தொழில்களையும் கெடுக்கக்கூடும். சுமையைக் கணிப்பவரும் சுற்றை வரைபவரும் தனித்தனியே உழைக்க இடந்தந்த எல்லையும் மறைகிறது.

டீப் ஸ்பேஸ் 1, பன்னிரண்டு புதிய தொழில்நுட்பங்களைச் சோதிப்பதற்கெனவே அமைக்கப்பட்டது. புதிய இணைப்பை அத்தகைய கலத்தில் முதலிற் பரீட்சித்தமை பாராட்டுக்குரியது. நன்கு நிலைபெற்ற சுற்றுகளைச் சுவரோடு இணைப்பது பொருத்தமே. இன்னும் மாறிவரும் சுற்றுகள் கழற்றக்கூடியனவாகவே இருத்தல் வேண்டும். ஆகவே, எவ்வளவு நிறை குறைந்தது என்பதோடு, திருத்தும் வாய்ப்பில் எவ்வளவு இழந்தோம் என்பதையும் கணக்கிட்டே இம்முயற்சியை மதிப்பிடவேண்டும்.